பத்தர் வீட்டுத் தலைப்பிள்ளை

கல்லல்
11-6-63

அன்புள்ள அத்தானுக்கு,

அழகம்மாள் எழுதுவது. போய்ச் சேர்ந்த விவரம் கேட்டு நான் போட்ட கார்டுக்கே உங்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. புது ஊர், புது வேலை, கை ஒழிந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மதினியும் நானும் சுகம். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான் தாங்க முடியவில்லை.

தங்க வேலைக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனது ஊருக்கே தெரியும். ஆனாலும் சிலர் வாசலில் நின்று, "பத்தர் எப்ப வருவாக?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். உங்கள் அக்கா ஒரு வெள்ளாடு பிடித்திருக்கிறார். அது மதினி பேச்சை மட்டும்தான் கேட்கிறது. என்னைக் கண்டால் முட்ட வருகிறது.

எழுத வந்தது வேறு விஷயம். போன வாரம் நம் வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா வந்தார். பெயர் ராமுத்தாய். சிங்கம்புணரிக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், பிறந்த பிறகு பிள்ளை நடை பழகும் வரை வந்து கவனிப்பதும் அவர் வேலையாம். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டு, குதிகாலைத் தேய்த்துக்கொண்டே, "தலைப்பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பிரசவத்துக்கு எங்க போறே? அம்மா வீடு எது?"

"அம்மா இல்லை. அப்பாவும் இல்லை. இதுதான் வீடு" என்றேன்.

அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு என்று கறுப்பு மாத்திரை கொடுத்தார். கீரையும் பயறும் தினமும் வேண்டும் என்றார். மதினி உள்ளேயிருந்தே, "கூப்பிடாம வந்தவுகளுக்கு இங்குட்டு என்ன வேல?" என்றார். நர்ஸம்மா கோபிக்கவில்லை. "கூப்பிட்ட பெறகு வந்தா பல வீட்ல நேரமாயிருதுக்கா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மாத்திரையை மதினிக்குத் தெரியாமல் சாப்பிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அங்கே சாப்பாட்டில் மிளகாய் கூடுதலா? வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
அழகம்மாள்


கோயமுத்தூர்
26-6-63

அன்புள்ள அழகுக்கு,

கார்டும் கடிதமும் வந்தன. பதில் தாமதமானதற்கு வேறு காரணமில்லை. மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். இரும்பை அரத்தால் தேய்க்கும் வேலை. நம் அரம் விரல் நீளம். இங்கே கை நீளம். சாயங்காலம் பேனா பிடிக்க விரல் மடங்குவதில்லை. நான்கு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். சாப்பாடு பரவாயில்லை. நீ ஊறுகாய் அனுப்பலாம்.

நர்ஸ் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக்குள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. பிள்ளை வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கத்தான் இவர்கள் வீடு வீடாக வருகிறார்கள் என்று இங்கே அறையில் பேசிக்கொள்கிறார்கள். அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என்னை வளர்த்தது அக்கா. நான் பிறந்தது மருத்துவச்சி அம்மாக்கண்ணுவின் கையில். உனக்கும் அவளே வந்து பார்ப்பாள். அக்கா சொல்லைத் தட்டாதே.

பசி எடுப்பது நல்லது. நிறையச் சாப்பிடு. வெள்ளாட்டிடம் ஜாக்கிரதை.

உன்
ஆசைத்தம்பி


கல்லல்
20-8-63

அன்புள்ள அத்தானுக்கு,

நாரத்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா? ஜாடியின் வாயை மெழுகு வைத்து அடைத்தது மதினி. எண்ணெய் கசிந்திருந்தால் அவரிடம் சொல்லாதீர்கள்.

நர்ஸம்மாவை வரச் சொல்லக் கூடாது என்று எழுதினீர்கள். நான் வரச் சொல்லவில்லை. அவராகத்தான் வருகிறார். ஒரு தடவை மதினி, "அவ வீட்ல இல்ல" என்று சொல்லிவிட்டார். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கல்லில் அடிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும். நர்ஸம்மா, "சரிக்கா, அவ வந்ததும் காலை நீட்டி உக்காரச் சொல்லுங்க. நாளைக்கு வாரேன்" என்றாராம். மறுநாள் வந்துவிட்டார்.

காலைத்தான் எழுத வேண்டும். இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. கையும்தான். கல்யாணத்துக்கு நீங்கள் செய்து போட்ட மோதிரம் விரலை இறுக்கி, விரல் நீலம் பூத்துவிட்டது. சோப்பு போட்டும் எண்ணெய் போட்டும் கழலவில்லை. நர்ஸம்மா பார்த்துவிட்டு இன்றைக்கே வெட்ட வேண்டும் என்றார். அடுத்த தெரு சொக்கலிங்கப் பத்தர் வந்து வெட்டிக் கொடுத்தார். "தம்பி இத இறுக்கமாத்தேன் பண்ணியிருக்கான்" என்று அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை.

பிறகு நர்ஸம்மா என் நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சின்ன விளக்கில் காய்ச்சினார். அது வெந்த முட்டையின் வெள்ளை போலத் திரிந்தது. "இது திரியக் கூடாது" என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், பகலிலும் படுத்திருக்க வேண்டும், பிரசவம் காரைக்குடி ஆஸ்பத்திரியில்தான் என்றார். மதினி பார்த்துக்கொண்டே நின்றார். "நீரைக் காச்சி ஜோசியம் பாக்குறதா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அன்று சாயங்காலம் மாவிடிக்க நான் உலக்கையைத் தொட்டபோது மதினி வாங்கிக்கொண்டார்.

உங்கள்
அழகம்மாள்


கோயமுத்தூர்
31-8-63

அன்புள்ள அழகுக்கு,

ஊறுகாய் நல்லபடி வந்தது. அறையில் இருப்பவர்கள் பாதியைத் தீர்த்துவிட்டார்கள்.

மோதிரம் போனால் போகட்டும். கால் வீங்குவது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உள்ளதுதான் என்று இங்கே மேஸ்திரியின் சம்சாரம் சொல்கிறார். என் அம்மா எங்கள் ஆறு பேரையும் வீட்டில்தான் பெற்றாள். ஆஸ்பத்திரி என்றால் அக்காவுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அக்காவைக் கட்டிய அத்தான் நடந்து உள்ளே போனார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பேச்சை அந்த வீட்டில் எடுக்காதே.

இவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு வீக்கம், நீர் என்றெல்லாம் எழுதினால் நான் என்ன செய்ய முடியும்? ராத்திரி தூக்கம் போகிறது. அவ்வளவுதான். தைரியமாக இரு.

உன்
ஆசைத்தம்பி


கல்லல்
29-9-63

அன்புள்ள அத்தானுக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றிலிருந்து நெற்றிக்குள் ஆணி அடிக்கிறாற்போல் வலி. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது. முகம் ஊதி, கண்ணாடியில் வேறு யாரோ போல இருக்கிறேன்.

நர்ஸம்மா இன்று ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். மதினிக்கும் அவருக்கும் வாக்குவாதம்.

"இது தள்ளிப்போடுற விஷயம் இல்லக்கா. வலிப்பு வந்தா ரெண்டு உசிரும் போயிரும்."

"வாயக் கழுவுங்க. தலைப்பிள்ளைக்காரிகிட்டப் பேசுற பேச்சா இது?"

"பேசாம இருந்து கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"என் தம்பி சொல்லாம அவ இந்தப் படியத் தாண்டக் கூடாது. நாளைக்கு ஒண்ணுன்னா அவன் என்னையத்தேன் கேப்பான். ஆஸ்பத்திரிக்குப் போனவுக திரும்பி வந்ததை நான் பாக்கல."

மதினி பிடிவாதத்தால் அப்படிச் சொல்லவில்லை, அத்தான். பயத்தால் சொல்கிறார்.

அவர் உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறார். 'போ' என்று ஒரு தந்தி கொடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அழகு


கோயமுத்தூர்
3-10-63

அழகுக்கு,

கடிதம் வந்தது. எதற்கும் அவசரப்பட வேண்டாம். தீபாவளிக்கு லீவு கிடைக்கும். நான் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். அம்மாக்கண்ணுவை வீட்டிலேயே வந்து தங்கச் சொல்லி அக்காவிடம் சொல்.

ஆசைத்தம்பி


கல்லல்
24-10-63

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள்.

'போக வேண்டாம்' என்ற உங்கள் கடிதம் வந்தபோது நான் இங்கே இல்லை. நீங்கள் தந்தி கொடுப்பீர்கள் என்று இருந்தேன். மூன்றாம் தேதி காலையில் நர்ஸம்மா வந்து என் முகத்தைப் பார்த்தார். பையை இறக்கவே இல்லை. "வாறியா, இல்லையா? நீ சொல்லு" என்றார். மதினியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாரேன் என்றேன்.

மதினி வாசலை மறிக்கவில்லை. "போறவ போ. உன் புருசனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஸ்டேஷனுக்குப் போய்க் காரைக்குடி ரயிலில் ஏறினோம். பெஞ்சில் என்னைப் படுக்க வைத்து, வெளிச்சம் கண்ணில் படாமல் நர்ஸம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரயிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வலிப்பு வந்ததாம். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் புண் ஆறவில்லை. மறுநாள் பிள்ளை பிறந்தது. எனக்கு அதுகூடத் தெரியாது. கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு துணி மூட்டை மாதிரி கிடந்தாள். நாலு பவுண்டுதான் இருந்தாள். அணில் குஞ்சு போல. சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் வந்த மஞ்சள் பாலைக் கொட்டவிடவில்லை. அதுதான் அவளுக்கு மருந்து என்றார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மதினி கதவைத் திறந்தார். என்னோடு பேசவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பிள்ளையின் உச்சியை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் சொல்லை மீறினேன். மீறாவிட்டால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இதில் எது பெரியது என்று நீங்களே யோசித்துப் பதில் போடுங்கள். தீபாவளிக்கு வந்து பிள்ளையைப் பாருங்கள். பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

உங்கள்
அழகம்மாள்


கோயமுத்தூர்
4-11-63

அழகம்மாளுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே அக்கா யாரையோ எழுதச் சொல்லி ஒரு கடிதம் வந்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். யாரோ ஒருத்தி வா என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். ஊரில் என் பேச்சுக்கு என்ன மரியாதை?

பிழைத்தது தெய்வச் செயல். அதற்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு எனக்கு எழுது. அதன் பிறகு நான் வருகிறேன். தீபாவளிக்கு வரவில்லை.

அந்த நர்ஸை எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டுக்கொள்கிறேன்.

ஆசைத்தம்பி


கல்லல்
22-1-64

அத்தானுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கோபத்தில் எழுதினால் திருப்பி எடுக்க முடியாது என்று காத்திருந்தேன். இப்போதும் கோபம் ஆறவில்லை. ஆனால் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸம்மா வாராவாரம் வந்தார். துணியில் பிள்ளையைத் தொங்கவிட்டு, முள் காட்டும் தராசில் எடை பார்ப்பார். மதினி எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, பார்க்காதவர் போலப் பார்ப்பார். முள் கொஞ்சம் நகர்ந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு நாள் நர்ஸம்மா தொப்புளைப் பார்த்துவிட்டு, "நல்லாக் காஞ்சிருச்சு, இனிப் பயமில்ல" என்றார். மதினி சட்டென்று, "எட்டாம் நாள் தோஷம் இவளுக்கு ஏன் வரல?" என்று கேட்டார். நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார். "உங்க பிள்ளைக்கு வந்துச்சாக்கா?"

மதினி சொன்னார். மூன்று பிள்ளைகள் அத்தான். மூன்றும் அழுதுகொண்டு நல்லபடியாகப் பிறந்தன. ஒரு வாரம் ஆனதும் வாய் இறுகிப் பால் இறங்காமல், வில் மாதிரி விறைத்துப் போயின. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கொடிய எத வச்சு அறுத்தாக?"

"கதிர் அரிவா."

"மேல என்ன போட்டாக?"

"சாணிச் சாம்பல். எல்லாரும் போடுறதுதானே?"

நர்ஸம்மா தராசை மடித்துக் கீழே வைத்துவிட்டு மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அது தோஷம் இல்லக்கா. அந்த அரிவாள்லயும் சாணியிலயும் இருக்குற விஷம் தொப்புள் வழியா ஏறிருது. அதுக்குத்தேன் நாங்க பிளேடத் தண்ணியில கொதிக்க வச்சு அறுக்குறோம்."

மதினி குனிந்து பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார். பிறகு, "அப்ப என் ராசி இல்லயா?" என்றார்.

"இல்லக்கா. உங்க ராசி இல்ல."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய் ஆட்டுக்குத் தழை போட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொதிக்க வச்சிருந்தாப் பொழச்சிருக்கும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு மார்கழியில் நர்ஸம்மா வருவது நின்றுவிட்டது. ஏனென்று தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து கண் குழி விழுந்துவிட்டது. மதினி வீடு வீடாக விசாரித்து நர்ஸம்மா தங்கியிருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துப் போனார். நம் வீட்டுக்கு வரக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவாம். யாரோ மனு கொடுத்திருக்கிறார்களாம். யார் என்று நர்ஸம்மா சொல்லவில்லை. மதினி, "நீங்க வரக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காக? நான் வரக் கூடாதுன்னு சொல்லலயே?" என்று கேட்டுவிட்டு வந்து, பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். தாய்ப்பாலை நிறுத்தாமல், நடுவில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பிள்ளையைத் தேற்றினோம். அன்றிலிருந்து வாராவாரம் மதினிதான் தூக்கிக்கொண்டு போகிறார்.

போன வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மதினியிடம், "உங்க வீட்டுப் பொண்ண அந்த நர்ஸ் கட்டாயப்படுத்தி இழுத்துட்டுப் போனதா மனு வந்திருக்கு" என்றார்.

"யாரு கொடுத்தது?"

"உங்க தம்பிதாம்மா. ஆசைத்தம்பின்னு கையெழுத்துப் போட்டிருக்கு."

மதினி ஒரு கணம் சுவரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"அவன் கோயமுத்தூர்ல இருக்கான். வீட்ல இருந்தது நானு. கூட்டிட்டுப் போகச் சொன்னதும் நாந்தேன். அப்பிடியே எழுதிக்கிடுங்க."

அவர் போன பிறகு, "ஏன் மதினி அப்படிச் சொன்னீக?" என்று கேட்டேன். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

மன்னிப்பு விஷயம் எழுதினீர்கள். உங்கள் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "கால்ல விழுகுறதா? பிள்ளைய யாரு பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் நான் விழவில்லை. இனியும் விழப்போவதில்லை.

என் உயிரையும் உங்கள் மகள் உயிரையும் காப்பாற்றியவரின் பிழைப்பில் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள். அந்த மனுவைத் திருப்பி வாங்குங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு உமையாள் என்று மதினி பெயர் வைத்துவிட்டார்.

அழகம்மாள்


கோயமுத்தூர்
18-5-64

அன்புள்ள அழகுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். வேலையை முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு வந்தது கோபம்தான். மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டேன். மாசி, பங்குனி எல்லாம் அப்படியே போனது. ஆனால் 'அப்ப என் ராசி இல்லயா' என்று அக்கா கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அரத்தால் தேய்க்கும்போதும் அதுதான் கேட்கும். அக்கா கல்யாண வீடுகளில் முன்னால் நிற்காமல் அடுப்படியிலேயே இருந்துவிடுவாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் கல்லலுக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். ஸ்டேஷனில் இறங்கி நேராக மனு போட்ட ஆபீசுக்குப் போனேன். நான் எழுதியது நடக்காத விஷயம், கோபத்தில் எழுதினேன் என்று எழுத்துமூலம் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா, "முதல்லயே விசாரிச்சு எழுதியிருக்கலாமே" என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு சுகாதார நிலையத்துக்குப் போனேன். பிள்ளைகளோடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். நர்ஸம்மா நான் யாரென்று தெரியாமல், "யாருக்கு? ஊசியா, மாத்திரையா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பிள்ளைக்கு அம்மை குத்தி முடித்து அனுப்பினார். திட்டுவார் என்று நின்றேன். "உங்க மகளுக்குக் கீழ ரெண்டு பல்லு வந்திருச்சு, பாத்தீகளா?" என்றார்.

நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்றேன்.

"இங்க வந்து என்ன பிரயோசனம்? அங்குட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நம் தெரு முனை வரைக்கும் வந்தேன். அக்கா ஆட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. அது அக்காவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அக்கா சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆயிற்று. நான் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. போன பிறகு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ தந்தி கேட்டாய். ஒரே ஒரு சொல் கேட்டாய். நான் அன்றைக்கு அதை அனுப்பவில்லை. இப்போது நான் ஒரு சொல் கேட்கிறேன். வரலாமா?

ஆசைத்தம்பி


கல்லல்
25-5-64

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். பிறகு மதினிக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "தெரு முன வரைக்கும் வந்துட்டுச் சோறு திங்காமப் போயிருக்கான் பாரு" என்றார். அன்றைக்கு என்ன குழம்பு வைத்தோம் என்று யோசித்து, புளிக்குழம்பு என்று கண்டுபிடித்து, அதற்கும் வருத்தப்பட்டார்.

நர்ஸம்மா நேற்று வந்தார். வீட்டுக்கே வந்தார். நீங்கள் அவரைப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "வந்தாரு" என்றார். அவ்வளவுதான். உமையாள் இப்போது பதினாலு பவுண்டு. கஞ்சியில் பருப்பு மசித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வருஷமாவது போக வேண்டும், எனக்கு மறுபடி அந்த வியாதி வரலாம் என்று உங்களிடமும் பேச வேண்டுமாம். நீங்கள் இருக்கும்போது வருகிறேன் என்றார். அவர் பேசும்போது நீங்கள் எழுந்து வெளியே போய்விடக் கூடாது.

எனக்குக் கோபம் முழுதும் போய்விட்டது என்று எழுதினால் பொய். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அழுதேன். அழுதுவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாள் ஆகும். வாங்க. ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வாங்க.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உமையாளுக்கு ஆள் முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. புது ஆளைக் கண்டால் வீறிட்டு அழுகிறாள். உங்களைப் பார்த்தும் அழுவாள். மனசு விட்டுவிடாதீர்கள். வந்ததும் தூக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளைப் பார்க்காதவர் போல எங்களோடு பேசிக்கொண்டிருங்கள். தவழ்ந்து தவழ்ந்து அவளாகவே பக்கத்தில் வருவாள்.

உங்கள்
அழகு